ஜெனோவா தின்னாமல் விட்ட சட்டை

ஒரு ஊர்ல ஒரு கான்வென்ட், கான்வென்ட்ல ஒரு சமையல்கட்டு, சமையல்கட்டுல ஒரு ரொட்டி அலமாரி, அந்த அலமாரிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவுல விரல் நுழையற மாதிரி ஒரு சந்து. அந்தச் சந்துதான் நம்ம கதைக்கு ஊரு. அங்க யாரு குடியிருந்தாங்க தெரியுமா? கரப்பான் பூச்சிங்க. மூஞ்சியைச் சுளிக்காதே. உன்னைப் பாத்து அதுங்க மூஞ்சியைச் சுளிச்சுதா? இல்லல்ல. ம் கொட்டு.

அந்த ஊர்க் கரப்பானுங்களுக்கெல்லாம் ஹாஸ்டல் பொண்ணுங்க பேரு, ஆம்பளைங்களுக்கு அந்தப் பொண்ணுங்களோட அப்பா பேரு. சாப்பாட்டு மேசையில சிஸ்டர் தினமும் அப்பா பேரோட சேத்துப் பேர் கூப்பிடுவாங்க. சந்துக்குள்ள இருந்து கேட்டுக் கேட்டு, காதுக்கு நல்லா இருக்கிற பேரா எடுத்து வெச்சுக்குவாங்க. அதுல சலேத்தம்மான்னு ஒரு அம்மா. பயந்தாங்கொள்ளி அம்மா. தட்டு விழுந்தா பயம், மணி அடிச்சா பயம், நேரத்துக்கு மணி அடிக்கலைன்னா அதைவிட பயம்.

அந்த அம்மாவுக்கு ஒரு நாள் புளியங்கொட்டை மாதிரி ஒரு முட்டைப் பெட்டி. அது பிளந்து ஒரு கூட்டமே வெளிய வந்துச்சு. ஒண்ணு அடுப்படிக்கு ஓடிச்சு, ஒண்ணு ஸ்டோர் ரூமுக்கு, ஒண்ணு பிரிட்ஜுக்கு அடியில, சரசர சரசரன்னு திசைக்கு ஒண்ணாப் போயிடுச்சு. கடைசியா வந்த ஒண்ணு மட்டும் அம்மாவோட முன்னங்காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. அவதான் ஜெனோவா.

இப்போ ஒண்ணு சொல்றேன், கேளு. பட்டாம்பூச்சிக் குழந்தையைப் பாத்தா அதைப் பெத்தவளே யாரு நீன்னு கேப்பா. அது புழு மாதிரி நெளியும், அப்புறம் கூட்டுக்குள்ள போய்ப் படுத்து, வேற ஆளா எழுந்து வரும். கரப்பானுக்கு அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. பொறக்கும்போதே அச்சு அசல் அம்மா. அதே மீசை, அதே முள்ளுக் காலு, அதே ஓட்டம். ஆளு மட்டும் எள்ளு அளவு. றெக்கை இருக்காது.

அப்புறம் எப்படிப் பெரிசாகும்னு கேளு. ம். அதோட தோல் நம்ம தோல் மாதிரி கூடவே வளராது. கிறிஸ்மஸுக்கு எடுத்த கவுன் மாதிரி, தைச்சது தைச்ச அளவுதான். உள்ள இருக்கிறவ தின்னு தின்னு பெருப்பா. கக்கத்துல பிடிக்கும், கழுத்துல பிடிக்கும், குனியவே முடியாது. அப்போ ஒரு மூலைக்குப் போய், மூச்சை இழுத்து வயித்தை ஊதுவா. புஸ்ஸ்ஸ். பத்தலையா, இன்னொரு புஸ்ஸ்ஸ். முதுகுல டப்புன்னு தெறிக்கும். அந்தக் கிழிசல் வழியா வழுக்கி வழுக்கி வெளிய வந்தா, ஆளு முன்னைக்கு ஒரு சுத்து பெரிசு. ஆனா வெள்ளை வெளேர்னு, இப்போதான் தட்டுல கவிழ்த்த இட்லி மாதிரி இருப்பா. தொட்டா குழைஞ்சிடும். கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா பால் டீ நிறம் வரும், அப்புறம் வரக்காப்பி நிறம். அவ்வளவுதான், பழைய ஆளு. ஒரு சுத்து பெரிய பழைய ஆளு.

இப்படியே மறுபடி மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே கொஞ்சம். வளர வளர முதுகுல ரெண்டு மடிப்பு முளைக்கும், றெக்கை வரப்போற இடம். கடைசிச் சட்டையைக் கழட்டும்போது அந்த மடிப்பு விரிஞ்சு முழு றெக்கை ஆகிடும். அப்புறம் சட்டை மாத்தற வேலையே இல்ல.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். சட்டையைக் கழட்டினா, கழட்டின இடத்துலயே உக்காந்து, கழட்டின சட்டையைத் தின்னு முடிச்சுட்டுத்தான் எழும்பணும். மீசை, காலு, நகம், ஒண்ணு விடக் கூடாது. உடம்புக்கு நல்லதுன்னு ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் பெருசு. அங்க எட்டுக்கால்காரின்னு ஒரு சிலந்தி உண்டு, உன் உள்ளங்கை அளவு. அவ ஒருத்தரைப் பிடிச்சான்னா உள்ள இருக்கிறதை உறிஞ்சிட்டு, கூட்டை மட்டும் போட்டுட்டுப் போவா. அதனால ஊர்ல எங்கேயாவது வெறும் கூடு கிடந்தா ஒரே அர்த்தம்தான்: யாரோ போயிட்டாங்க, எட்டுக்கால்காரி வந்துட்டா, எல்லாரும் மூட்டை கட்டுங்க.

நம்ம ஜெனோவாவுக்கு இந்தச் சட்டை தின்ற வேலை சுத்தமாப் பிடிக்காது. ஜாம் பிடிக்கும், பன்னுத் துணுக்கு பிடிக்கும், உப்புமாவுல இருக்கிற முந்திரி பிடிக்கும். சட்டைன்னா மட்டும் வாய் பூட்டிக்கும். சலேத்தம்மா பக்கத்துலயே உக்காந்து, அதோ பாரு பல்லி, அதோ பாரு எறும்பு ஊர்வலம்னு காட்டிக் காட்டி, வாய் திறக்கிற நேரத்துல ஒரு காலைத் திணிப்பா. மீசைக்கு ஒரு கெஞ்சல், முதுகுக்கு ஒரு மிரட்டல். யாரு மாதிரின்னு நான் சொல்லல. ம்?

ஒரு நாள் சாயங்காலம் சலேத்தம்மா இரை பொறுக்க ஸ்டோர் ரூம் போயிருந்தா. அப்போ பாத்து ஜெனோவாவுக்குக் கக்கத்துல பிடிச்சுது. அலமாரியோட நடுத்தட்டு, பன்னு வாசனை வர்ற இடம். மூலைக்குப் போகக்கூடப் பொறுமை இல்லாம அங்கேயே ஊதினா. புஸ்ஸ்ஸ். புஸ்ஸ்ஸ். டப். வெளிய வந்து பாக்கிறா, முதுகுல என்னமோ ஈரமா, கசங்கின கைக்குட்டை மாதிரி தொங்குது. மெதுவா விரியுது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

றெக்கை.

அதுக்கப்புறம் சட்டையாவது ஒண்ணாவது. கிறுகிறுன்னு தலை சுத்துற அளவுக்கு சந்தோஷம். எதுலயாவது முகம் பாத்தே ஆகணும். சாம்பார் பானையோட எவர்சில்வர் மூடி பளபளன்னு இருக்கும், அங்க ஓடினா. இடது பக்கம் திரும்பிப் பாத்தா, வலது பக்கம் திரும்பிப் பாத்தா, குனிஞ்சு முதுகைப் பாத்தா. ஹாஸ்டல் பொண்ணுங்க பள்ளிக்கூடம் கிளம்பறதுக்கு முன்னாடி எப்படிப் பாப்பாங்களோ அப்படி.

அந்த நேரத்துல சலேத்தம்மா திரும்பி வந்தா. வாயில ஒரு முந்திரித் துணுக்கு. நடுத்தட்டுல பாக்கிறா, அவ மகளோட கூடு. அதே மீசை, அதே ஆறு காலு. முதுகுல ஒரு கிழிசல். உள்ள ஒண்ணுமே இல்ல.

முந்திரி கீழ விழுந்துச்சு. அவ ஒரு சத்தம் போடல. கூட்டுக்குப் பக்கத்துல போய் உக்காந்தா, தன் மீசையால அதோட மீசையைத் தொட்டா. அப்படியே இருந்துட்டா.

சத்தம் போடறதுக்குத்தான் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அத்தை இருந்தாளே. எட்டிப் பாத்தவ, தட்டுல காலை அடிச்சுக்கிட்டு ராகம் போட ஆரம்பிச்சா. ஊரே திரண்டு வந்துச்சு. பிரிட்ஜ் வீட்டுக்காரங்க, அடுப்படிக்காரங்க, தொட்டிக்குக் கீழ இருக்கிறவங்க, எல்லாரும் மீசையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரிசையா நின்னாங்க.

அப்போ ஜெனோவா வர்றா. தூரத்துல இருந்து கூட்டத்தைப் பாத்ததும், யாரோ ஜாம் பாட்டிலைத் திறந்து வெச்சுட்டாங்கன்னு நினைச்சு இடிச்சுத் தள்ளிக்கிட்டு உள்ள நுழைஞ்சா. வெள்ளை வெளேர்னு, புது றெக்கையோட. அந்த ஊர்ல யாரும் வெள்ளையா வெளிய நடமாட மாட்டாங்க, நிறம் வர்ற வரைக்கும் மூலையில உக்காந்து தின்னுட்டு இருப்பாங்க. அதனால யாருக்குமே அடையாளம் தெரியல. புஷ்பம் அத்தை அழுகையை நிறுத்தி ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தா. ஏதோ வெளிநாட்டுப் பார்சல்ல வந்த பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டா. யாரு செத்துப் போனதுன்னு ஜெனோவா கேட்டா.

"நம்ம சலேத்தம்மா மக, ஜெனோவா. தங்கமான புள்ளை" அப்படின்னா அத்தை.

ஜெனோவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சா. நான்தான்னு சொன்னா அந்தச் சட்டையை உக்காத்தி வெச்சுத் தின்ன வெப்பாங்களே. இருக்கட்டும், கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லுவோம்னு, அந்தப் பொண்ணு எப்படி இருப்பான்னு மெதுவா ஆரம்பிச்சா. அத்தை விடுவாளா. அழகுன்னா அப்படி ஒரு அழகு, அடக்கம்னா அப்படி ஒரு அடக்கம், பெரியவங்க பேச்சைத் தட்டினதே இல்ல, வெச்சதை வெச்ச மாதிரி தின்னுட்டு எழும்பும், அது போட்ட காலடிச் சத்தம்கூடக் கேட்டதில்லைன்னு அடுக்கிக்கிட்டே போனா. முந்தின நாள்தான் இதே அத்தை, உன் மகளைக் கட்டி வைக்கலைன்னா ஊரை வித்துருவான்னு சலேத்தம்மாகிட்ட சண்டை போட்டது. ஜெனோவாவுக்குக் கேக்கக் கேக்க இனிக்குது. அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருக்கா. பாடுவாளா? பாடுவா. ஓடுவாளா? அவளை மாதிரி ஓட ஆளே கிடையாது.

டிங். டிங். டிங். ஜெப மணி அடிச்சுது.

அதுவரைக்கும் பின்கட்டுல வேலையா இருந்த சமையல்கார ஞானம்மா அக்கா அங்க விளக்கை அணைச்சுட்டு, செருப்பைச் சமையல்கட்டு வாசல்ல விட்டுட்டு ஜெபத்துக்குப் போயிட்டாங்க. உடனே ஊர்ப் பெரியவர் சவரியார் தாத்தா முன்னால வந்தாரு. எட்டுக்கால்காரி நடுத்தட்டு வரைக்கும் வந்துட்டா, இனி இங்க இருக்க முடியாது, ஜெபம் முடியறதுக்குள்ள சாக்கடைக் குழாய் வழியா துணி துவைக்கிற கொட்டகைக்குக் குடி போயிடணும்னு சொன்னாரு. எல்லாரும் சரசரன்னு கிளம்பினாங்க.

சலேத்தம்மா மட்டும் அசையல.

"நீங்க போங்க. எம்புள்ளையத் தனியா விட்டுட்டு நான் வரல."

ஜெபம் முடிஞ்சா ஞானம்மா அக்கா வருவாங்க. விளக்கு எரியும். நடுத்தட்டுல பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்துல இந்த அம்மா உக்காந்திருப்பா. செருப்பு வாசல்லயே இருக்கு. பயந்தாங்கொள்ளி அம்மா, எது விழுந்தாலும் முதல் ஆளா ஓடறவ, இன்னிக்கு ஓட மாட்டேங்கிறா.

ஜெனோவாவோட சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல. நேரா அம்மாகிட்ட ஓடினா.

"அம்மா, நான்தாம்மா ஜெனோவா. இப்போதான் சட்டை கழட்டினேன்."

சலேத்தம்மா நிமிர்ந்து பாத்தா. ஏம்மா, நீ பெரிய இடத்துப் பொண்ணு மாதிரி இருக்க, றெக்கையெல்லாம் வெச்சிருக்க, எம்மக இத்தனூண்டு, நெத்தியில வெக்கிற பொட்டு அளவுதான் இருப்பான்னா. பாரு, அந்தக் கூடே அந்த அம்மா சொன்ன அளவைவிடப் பெரிசு. கண்ணு முன்னாலதான் கிடக்கு. ஆனா அந்த அம்மா மனசுக்குள்ள இருந்த ஜெனோவா இன்னும் காலைக் கட்டிக்கிட்டு நின்ன எள்ளு அளவு ஜெனோவாதான்.

புஷ்பம் அத்தையும் சவரியார் தாத்தாவும் குழாய் வாய்ல நின்னுட்டு, சீக்கிரம், சீக்கிரம்னு அவசரப்படுத்தினாங்க. சட்டையைக் கழட்டினவ தின்னிருப்பாளே, இந்த ஊர்ல தின்னாம யாரு எழும்பினாங்கன்னு தாத்தா கேட்டாரு. ஜெனோவாதான் தின்னாம எழும்பினான்னு ஜெனோவா சொன்னா. அத்தைக்கு வந்துச்சே கோபம்.

"செத்துப் போன புள்ளையப் பத்தி அப்படிச் சொல்லாதட்டி. அது வெச்சதை வெச்ச மாதிரி தின்ற புள்ளை."

பாத்தியா வம்பை. ம்.

அங்க கோயில்ல முதல் பாட்டு ஆரம்பிச்சுது. ஜெனோவா முதல்ல ஒரு வழி யோசிச்சா. வீட்டு விஷயம் எல்லாம் எடுத்து விட்டா. மோர்ப் பானையில விழுந்து நீச்சல் அடிச்சது, சிஸ்டரோட ஜெபமாலைப் பெட்டிக்குள்ள தூங்கிப்போய் கோயில் வரைக்கும் போய்ட்டு வந்தது, எல்லாம் சொன்னா. சலேத்தம்மா கண்ணுல ஒரு மினுக்கம் வந்துச்சு. ஆனா குழாய் வாய்ல இருந்து அத்தை, இதெல்லாம் ஊருக்கே தெரியுமே, நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேனேன்னு சொல்லிட்டா. மினுக்கம் அணைஞ்சு போச்சு.

ரெண்டாவது பாட்டு. சரி, என் சட்டைதான்னா எனக்குப் பொருந்தணுமே, போட்டுக் காட்டறேன்னு ஜெனோவா அந்தக் கூட்டுக்குள்ள நுழையப் பாத்தா. ஒரு கால் நுனி போச்சு. மிச்சக் கால் வெளிய. தலையை விட்டா மாட்டிக்கிச்சு. கண்ணு தெரியாம, தலையில தன்னோட பழைய தலையையே மாட்டிக்கிட்டு, தட்டு முழுக்கத் தத்தித் தத்தி ஆடி, ரொட்டி டப்பாவுல முட்டி, டொங்குன்னு உக்காந்தா. நீ சிரிக்கிற. அங்க யாரும் சிரிக்கல. அளவே சரியில்லையேன்னு தாத்தா தீர்ப்புச் சொல்லிட்டாரு. அளவு சரியில்லாததாலதானே தாத்தா கழட்டினேன்னு அவ கத்தறது யாரு காதுல விழுது.

மூணாவது பாட்டு. வேற வழியே இல்ல. ஜெனோவா கண்ணை இறுக மூடிக்கிட்டா. "சரி. நானே தின்னுடறேன்" அப்படின்னு வாயைத் திறந்துக்கிட்டு கூட்டுக்கிட்ட போனா. பொறந்ததுல இருந்து கெஞ்சிக் கூத்தாடித் தின்ன வெச்ச புள்ளை, இன்னிக்குத் தானா வாய் திறக்குது. சலேத்தம்மா என்ன பண்ணினா தெரியுமா? குறுக்க விழுந்து கூட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. எம்புள்ளை மேல வாய் வெச்சா மீசையைப் பிடுங்கிடுவேன்னா. ஒரு வாய் கொடும்மான்னு இவ கெஞ்ச, கிட்ட வராதேன்னு அவ தள்ள, கெஞ்சல் மிஞ்சல் எல்லாம் தலைகீழாப் போச்சு.

அப்போ பாட்டு நின்னுச்சு.

சர்ர், சர்ர்னு பாவாடை உரசற சத்தம். குழாய் வாய்ல இருந்த தாத்தாவும் அத்தையும் உள்ள பாய்ஞ்சுட்டாங்க. டப். விளக்கு எரிஞ்சுது. ஞானம்மா அக்கா நடுத்தட்டைப் பாத்தாங்க. முதல்ல கண்ணுல பட்டது யாரு? வெள்ளையா இருக்கிறவதான். செருப்பைக் கையில எடுத்தாங்க. ஜெனோவா அம்மாவை முட்டி முட்டித் தள்ளறா, போம்மா, போம்மான்னு. அம்மா நகரல. செருப்பு மேல போச்சு. அதோட நிழல் வந்து வெள்ளைப் பொண்ணு மேல விழுந்துச்சு.

"ஏட்டி ஜெனோவா, ஓடு!"

யாரு கத்தினது? சலேத்தம்மா. நீ யாருன்னே தெரியாதுன்னு சொன்ன வாய் தானாக் கத்துது. காலும் தானா ஓடுது. அணைச்சுக்கிட்டிருந்த கூட்டை எப்போ போட்டாளோ அவளுக்கே தெரியாது, அந்த வெள்ளைக் காலைக் கவ்விப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, சரசரசரன்னு பலகைக்குப் பின்னால, சந்துக்குள்ள.

பட்.

செருப்பு விழுந்துச்சு. கூடு மேல. ஞானம்மா அக்கா குனிஞ்சு பாத்து, தப்பிக்காது, ஒழிஞ்சுதுன்னு சொல்லி முறத்துல அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிட்டாங்க. இப்படித்தான் ஜெனோவா ஒரே நாள்ல ரெண்டு தடவை செத்துப் போனா.

சந்துக்குள்ள ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. சலேத்தம்மா மீசையால அவளைத் தடவிப் பாத்தா. தலை, கழுத்து, ஒவ்வொரு காலா. அப்புறம் றெக்கை. றெக்கை மேல மீசை போனதும் நின்னுச்சு. இதுக்குள்ள ஜெனோவாவுக்குப் பால் டீ நிறம் வந்திருந்துச்சு.

"எப்போட்டி இம்புட்டு வளந்த?"

"நீ பக்கத்துல இருக்கும்போதுதாம்மா."

சலேத்தம்மா மறுபடி ஒரு தடவை றெக்கையைத் தடவினா. காலைக் கவ்விப் பிடிச்சிருந்ததை மட்டும் விடல.

கொஞ்ச நேரத்துல புஷ்பம் அத்தை சுத்தி வந்து சந்துல எட்டிப் பாத்தா. விஷயம் புரிஞ்சுது. தங்கம் வெங்கலம் எல்லாம் அந்த இடத்துலயே போச்சு. அடங்காத கழுதை, ஊரையே அழ வெச்ச சண்டாளி, சட்டையைத் தின்னாத திருட்டு மூதேவின்னு ஒண்ணு விடாம சொன்னா. ஜெனோவாவுக்கு அதைக் கேக்க எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்புறம், அப்புறம்னு கேட்டா. எட்டுக்கால்காரி பாவம், குளியலறை மூலையில கால் எட்டையும் மடக்கிக்கிட்டுத் தூங்கிட்டிருந்தா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. போனவங்க எல்லாரும் குழாய் வழியாத் திரும்பி வந்துட்டாங்க, யாரும் குடி போகல.

அப்புறம் ஞானம்மா அக்கா பாத்திரம் எல்லாம் கவிழ்த்துட்டு, விளக்கை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. ஜெனோவாவால பொறுக்க முடியல. அலமாரி உச்சிக்கு ஏறினா. விரிச்சா. விர்ர்ர்ர். சாம்பார்ப் பானை, தண்ணித் தொட்டி, தொங்கற கரண்டி, எல்லாத்துலயும் ஒரு இடி இடிச்சுக்கிட்டு, ஆனா பறக்கிறா. கீழ சலேத்தம்மா, விழுந்துடாதே விழுந்துடாதேன்னு மேல பாத்துக்கிட்டே, அவ எங்க போறாளோ அதுக்கு நேர் கீழ தரையில ஓடறா. மூட்டை விழுந்தா பிடிக்கிற மாதிரி முன்னங்கால் ரெண்டையும் விரிச்சு வெச்சுக்கிட்டு. இந்தச் சுவரு வரைக்கும் ஓட்டம், திரும்பி அந்தச் சுவரு வரைக்கும் ஓட்டம்.

அம்மா, உனக்கும் றெக்கை இருக்கும்மான்னு மேல இருந்து சத்தம் வந்துச்சு.

சலேத்தம்மா நின்னா. திரும்பித் தன் முதுகைப் பாத்தா. ஆமா. இருந்துச்சு. அது பாட்டுக்கு மடிச்சது மடிச்ச மாதிரி அங்கேயே இருந்திருக்கு. பயத்துல ஒரு நாளும் விரிச்சுப் பாத்ததில்ல. இப்போ மக மேல இருக்கா, கீழ இருந்தா பிடிக்க முடியாது, பக்கத்துல இருந்தாத்தான் பிடிக்க முடியும். அதை மட்டும்தான் நினைச்சா.

விர்ர்ர்ர்.

ஜெனோவாவுக்கு றெக்கை வந்தாச்சு, அம்மாவுக்கு தைரியம் வந்தாச்சு, உனக்குக் கொட்டாவி வந்தாச்சு. கதை மேல ஏறிப் பறந்து போச்சு, நீ கீழ படுத்துக் கண்ணை மூடு. அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா வளரு. தூங்கு.